பர்மாப் பத்திரம், சமஸ்தானப் பத்திரம்

ராயவரம், கடியாபட்டி, நச்சாந்துபட்டி, பனையப்பட்டி, குழிபிறை, விராச்சிலை, கோனாப்பட்டு. புதுக்கோட்டை மாவட்டத்தின் தென்பகுதியில் இருக்கும் இந்த நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) ஊர்களில், பங்காளிகள் கூடிப் பழைய வீட்டைப் பிரிக்க உட்காரும்போது பத்திரப் பெட்டி வெளியே வரும். சில வீடுகளில் அது தகரப்பெட்டி. சில வீடுகளில் தேக்குப் பெட்டகத்தின் அடித்தட்டு. உள்ளே இரண்டு வகைத் தாள்கள் கட்டுக்கட்டாகக் கிடக்கும்.

ஒரு வகை, புதுக்கோட்டை சமஸ்தானத்து முத்திரைத்தாளில் எழுதியது. மேலே பிள்ளையார் சுழி, பசலி ஆண்டு, நஞ்சை, புஞ்சை, மனைக்கட்டு, செக்குபந்தி, நிதி நிட்சேபம் ஜல தரு பாஷாணம், புத்திர பௌத்திர பாரம்பரியம் என்று நமக்குப் பழகிய வாசகம் ஓடும். மற்றது கடல் கடந்து வந்தது. ஆங்கிலமும் வட்டவட்டமான பர்மிய எழுத்தும் கலந்திருக்கும். செக்குபந்திக்குப் பதிலாக டவுன்ஷிப் பெயர், ‘குவின்’ எனப்படும் பர்மிய நில அளவைப் பிரிவின் எண், ஏக்கர் கணக்கு. பெகு, பியாபோன், பசீன், மியாங்மியா, தட்டோன் என்று ஐராவதி ஆற்று முகத்துவாரமும் அதன் சுற்றுப்புறமும் அந்தத் தாள்களில் வரிசையாக வரும்.

இந்த இரண்டு தாள்களுக்கும் முத்திரை போட்ட இரண்டு அரசுகளும் இன்று இல்லை. இரண்டும் முடிந்தது ஒரே ஆண்டில். 1948 ஜனவரி 4ஆம் தேதி பர்மா விடுதலை பெற்றது. இரண்டு மாதம் கழித்து மார்ச் 3ஆம் தேதி, தொண்டைமான்களின் புதுக்கோட்டை சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதியானது. ஆனாலும் சமஸ்தானப் பத்திரத்துக்கு இன்றும் உயிர் இருக்கிறது. வங்கிக் கடனுக்குப் போனால் வக்கீல் மூலப்பத்திரம் கேட்பார். அந்தப் பழுப்புத் தாளை எடுத்துக்கொண்டு போகலாம். பர்மாப் பத்திரத்தை எந்த அலுவலகமும் கேட்பதில்லை. ஒரே வீட்டார், ஒரே காலத்தில், ஒரே கவனத்தோடு பத்திரப்படுத்திய இரண்டு தாள்களில் ஒன்று சொத்தாக நிலைத்தது, மற்றது வெறுந்தாளானது எப்படி என்பதைப் பின்னோக்கிப் போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதில் நம் ஊர் வரலாறும், நாம் அதிகம் பேசாத வேறு ஒருவரின் வரலாறும் சேர்ந்தே இருக்கின்றன.

அந்த வேறு ஒருவர் பர்மிய உழவர். கதை அவரிடமிருந்துதான் தொடங்குகிறது.

1852இல் நடந்த இரண்டாம் ஆங்கிலோ-பர்மியப் போருக்குப் பிறகு கீழ்ப் பர்மா முழுவதும் பிரிட்டிஷார் கைக்குப் போனது. அன்றைக்கு அந்த முகத்துவாரத்தின் பெரும்பகுதி சதுப்பும் காடும் கொசுவும்தான். 1850-களில் அங்கே நெல் விளைந்த பரப்பு பத்து இலட்சம் ஏக்கருக்கும் குறைவு. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்து, ஐரோப்பிய அரிசிச் சந்தை பக்கத்தில் வந்ததும் நிலைமை மாறியது. மேல் பர்மாவிலிருந்து குடும்பம் குடும்பமாக இறங்கி வந்தவர்கள் காட்டை வெட்டி, சேற்றைக் கரை கட்டி, வயலாக்கினார்கள். 1930-களில் கீழ்ப் பர்மாவின் நெல் பரப்பு எண்பது இலட்சம் ஏக்கரைத் தாண்டியிருந்தது. உலகத்திலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்யும் நாடாகப் பர்மா ஆனது அந்த உழைப்பினால்.

வெட்டித் திருத்திய நிலம் யாருக்குச் சொந்தம்? 1876ஆம் ஆண்டு பர்மா நில வருவாய்ச் சட்டம் அதற்கு விடை சொன்னது. பன்னிரண்டு ஆண்டு தொடர்ந்து அனுபவித்து வரி கட்டினால் அந்த நிலம் உழவருக்கு நிரந்தர உரிமை. பிள்ளைக்கு விடலாம், விற்கலாம், அடமானமும் வைக்கலாம். கேட்பதற்கு நியாயமான சட்டம். ஆனால் அடமானம் வைக்கலாம் என்ற அந்த ஒரு வசதியிலேதான் பின்னால் வந்தது எல்லாம் அடங்கியிருந்தது. விதைக்கும் மாட்டுக்கும் கூலிக்கும் பணம் வேண்டும். ஆங்கிலேய வங்கிகள் சேற்றில் நிற்கும் உழவருக்குக் கடன் கொடுப்பதில்லை. அவை கொடுத்தது நகரத்தாருக்கு. நகரத்தார் உழவருக்குக் கொடுத்தார்கள்.

கடல் கடந்து வணிகத்துக்குப் போவதைக் ‘கொண்டுவிக்கப் போவது’ என்பார்கள் செட்டிநாட்டில். உப்பும் முத்தும் வணிகம் செய்த காலத்துச் சொல் அது. லேவாதேவிக்குப் போன காலத்திலும் நிலைத்தது. ரங்கூன் மொகல் தெருவில், தங்கிக் கடை நடத்தும் கட்டடங்களான கிட்டங்கிகள் எழுந்தன. அங்குள்ள கோயிலில் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். 1929-30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு கணக்கெடுத்தபோது நாடு முழுவதும் ஏறத்தாழ 1,650 நகரத்தார் கடைகள் இருந்தன. அவர்கள் கொடுத்திருந்த கடன் 75 கோடி ரூபாய் என்று அந்தக் குழு மதிப்பிட்டது. அவர்களின் வட்டி, பர்மியரும் மற்றவரும் நடத்திய வட்டிக்கடைகளின் வட்டியைவிடக் குறைவு என்றும் அதே குழு எழுதியது. இதைச் சொல்ல வேண்டும். ஏனென்றால் ‘செட்டியார்’ என்றாலே கேலிச்சித்திரத்துக் கொடுமைக்காரன் என்ற ஓர் எண்ணம் பர்மாவில் பரப்பப்பட்டது.

முதலாளி ஊரிலே இருப்பார். கடையை நடத்தியவர்கள் சம்பளச் சீட்டு எழுதி மூன்றாண்டுக் கணக்குக்குக் கப்பல் ஏறிய ஏஜெண்டுகள். அவர்களுக்குக் கீழே அடுத்தாள், அவருக்கும் கீழே பெட்டியடிப் பையன். மேலைச்சிவபுரியில் 1917இல் பிறந்த வ.சுப. மாணிக்கம் பதினொரு வயதில் அப்படித்தான் பர்மாவுக்குப் போனார். வருமான வரி அதிகாரி வந்தால் முதலாளி இல்லை என்று சொல்லச் சொன்னார்கள், பையன் மறுத்துவிட்டான், வேலை போயிற்று. ‘பொய் சொல்லா மாணிக்கம்’ என்ற பெயரோடு ஊர் திரும்பிய அந்தப் பையன்தான் பின்னாளில் தமிழறிஞராகி, மதுரை காமராசர் பல்கலைக்கழகத் துணைவேந்தரும் ஆனவர். அவர் ஊரில் 1909இல் தோன்றிய சன்மார்க்க சபையும் அதன் தமிழ்க் கல்லூரியும் கொண்டுவித்த பணத்தில் தமிழுக்குக் கிடைத்த பங்கு. அந்த ஊர்களின் கோயில் திருப்பணி, ஊருணிப் படித்துறை, பர்மாத் தேக்குத் தூண் நிறுத்திய பட்டாலை, இரண்டாங்கட்டு எல்லாவற்றிலும் ஐராவதி நெல் இருக்கிறது.

நகரத்தார் விரும்பியது நிலத்தை அல்ல, சுழலும் பணத்தை. கொடுத்த கடன் வட்டியோடு திரும்பினால் மறு தவணைக்கு ஓடும். நிலம் கைக்கு வந்தால் பணம் முடங்கும். அதுவும் அவர்கள் கடன் கொடுத்தது தங்கள் பணத்தை மட்டும் வைத்தல்ல. ஊரிலிருந்து வந்த வைப்புப் பணம், ஆச்சிமார் சீதனப் பணம், கோயில் மகமைப் பணம் எல்லாம் அதில் உண்டு. 1930இல் உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை பாதிக்கும் கீழே விழுந்தபோது உழவரால் வட்டியும் கட்ட முடியவில்லை. அடமானம் கிரயமானது. பதின்மூன்று முக்கிய நெல் மாவட்டங்களில் நகரத்தார் கையில் இருந்த நிலம் 1930இல் ஏறத்தாழ ஐந்தே முக்கால் இலட்சம் ஏக்கர், மொத்தத்தில் நூற்றுக்கு ஆறு. 1937-38 வாக்கில் அது இருபத்து நான்கு இலட்சம் ஏக்கரைத் தாண்டி நூற்றுக்கு இருபத்தைந்தாகிவிட்டது.

ஏழெட்டு ஆண்டில் நான்கில் ஒரு பங்கு. இந்த எண்ணை ராயவரத்துத் திண்ணையில் உட்கார்ந்து படிப்பது ஒரு விதம், பியாபோன் வயல் வரப்பில் நின்று படிப்பது வேறு விதம். தகப்பன் காடு வெட்டித் திருத்திய நிலத்தில் மகன் குத்தகைக்காரனாகக் குனிந்து நட்டான். இந்த இழப்பின் தொடக்கத்திலேயே, 1930 டிசம்பரில், தாராவதி மாவட்டத்தில் சாயா சான் தலைமையில் உழவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள்; பிரிட்டிஷ் அரசு அதைப் படை கொண்டு அடக்கியது. நகரத்தார் ஏமாற்றிப் பிடுங்கினார்கள் என்று சொல்ல மாட்டேன். பத்திரம் செல்லும், கோர்ட்டுத் தீர்ப்பும் செல்லும், வட்டியும் ஒப்புக்கொண்ட வட்டி. அத்தனையும் சட்டப்படி நடந்தும் ஒரு நாட்டின் உழவர்கள் தங்கள் மண்ணை இழந்தார்கள். நம் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பர்மாப் பத்திரங்களில் பெரும்பகுதி அந்த ஏழெட்டு ஆண்டின் விளைச்சல் என்பதை நாம் மறைக்காமல் பேச வேண்டும்.

அந்தப் பத்திரங்கள் விரைவிலேயே உயிர் விட்டன. 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து தனியாகப் பிரிந்தது. 1941 டிசம்பர் 23ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ரங்கூனில் குண்டு வீசின. இலட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலுக்கு அலைந்தார்கள். இடம் கிடைக்காதவர்கள் அரக்கான் வழியும் மணிப்பூர் வழியும் நடந்தார்கள். எழுத்தாளர் வெ. சாமிநாத சர்மா தம் வழிநடைப் பயணத்தைப் புத்தகமாக எழுதிவைத்திருக்கிறார். பேரேட்டையும் பத்திரத்தையும் சுமந்து வந்தவர்கள் உண்டு. போர் முடிந்தால் திரும்பிப் போகலாம் என்ற நம்பிக்கையில். திரும்பிப் போனவர்களை 1948இன் நில தேசியமயச் சட்டம் எதிர்கொண்டது. 1953இல் அது திருத்தி இறுக்கப்பட்டது. இழப்பீடு உண்டு என்றார்கள். நிலவரியின் மடங்காக அதைக் கணக்கிட்டார்கள். அது நிலத்தின் மதிப்புக்குக் கிட்டே வரவில்லை. 1962இல் படைத் தளபதி நெ வின் ஆட்சியைப் பிடித்தார். வங்கி, கடை, கிட்டங்கி எல்லாம் அரசுடைமை. 1964இல் ஐம்பது, நூறு கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்ததும், கையில் இருந்ததும் போய், எஞ்சியவர்கள் அகதிகளாகக் கப்பலேறினார்கள்.

இதே போன்ற பத்திரப் பெட்டிகள் உலகத்தின் வேறு மூலைகளிலும் உண்டு. பெய்ரூட்டிலும் கலிபோர்னியாவின் ஃப்ரெஸ்னோவிலும் உள்ள ஆர்மீனியக் குடும்பங்களில், ஒட்டோமான் அரசின் அரபு எழுத்தில் அமைந்த ‘தாப்பு’ எனும் நிலச் சீட்டுகளைத் தாத்தா காலத்திலிருந்து வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். 1858இல் ஒட்டோமான் அரசு நிலச் சட்டம் இயற்றி, உழுபவரின் அனுபவ உரிமையைத் தாப்புப் பதிவேட்டில் ஏற்றியது. கிழக்கு மாகாணங்களின் ஆர்மீனிய உழவர்களுக்கு அந்தப் பதிவு காவலாக நிற்கவில்லை. கடனுக்கும் நிலப்பிரபுக்களின் அடாவடிக்கும் நிலம் போயிற்று. 1894-96 படுகொலைகளின்போது இன்னும் போயிற்று. 1908இல் அரசியல் சட்டம் மீண்டதும் பறிபோன நிலத்தைக் கேட்டு மனுக்கள் குவிந்தன. விடை கிடைக்கும் முன்னே 1915 வந்துவிட்டது. ஊர் ஊராக மக்களை விரட்டிக் கொன்றார்கள். அவர்கள் விட்டுப்போன வீட்டையும் வயலையும் ‘கைவிடப்பட்ட சொத்து’ என்று சட்டம் போட்டு எடுத்துக்கொண்டார்கள். 1927இல், நாட்டுக்கு வெளியே இருந்து திரும்பாதவர்களின் குடியுரிமையையும் துருக்கிக் குடியரசு நீக்கியது. பத்திரம் கையில் இருந்தது. அதை நீட்ட ஒரு சன்னல் இல்லை.

ஆர்மீனியரின் இழப்பையும் நகரத்தாரின் இழப்பையும் ஒரே தட்டில் வைப்பது தவறு. ஆர்மீனியர் அந்த மண்ணிலே தலைமுறை தலைமுறையாக உழுதவர்கள். அவர்கள் இழந்தது ஊரையும் உயிரையும். நகரத்தாருக்குத் திரும்பி வர ராயவரமும் கடியாபட்டியும் இருந்தன. இன்னும் ஒரு படி சொல்வேன். கடனில் சிக்கித் தன் பதிவைக் காப்பாற்றிக்கொள்ள முடியாமல் நின்றவர் என்ற வகையில், 1890-களின் ஆர்மீனிய உழவருக்கு அருகில் நிற்பவர் நம் பர்மிய உழவர்தான். அடுத்து வந்த அரசு ஏற்காத பத்திரத்தைப் பேரப்பிள்ளை காலம் வரை பெட்டியில் காப்பதில் மட்டும் ஆர்மீனியக் குடும்பமும் நகரத்தார் குடும்பமும் ஒன்றாகின்றன.

அப்படியானால் புதுக்கோட்டைப் பத்திரம் பிழைத்தது ஏன்? அடுத்தடுத்து வந்த ஒவ்வொரு அரசும் முந்தைய அரசின் ஏட்டை மதித்து எடுத்துக்கொண்டது. சமஸ்தானத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதிவரை விளைச்சலைப் பங்கிடும் அமானி முறை இருந்தது. சாகுபடி நிலத்தின் பெரும்பங்கு இனாம். படைக்குப் போன அமரக்காரருக்கு, கோயிலுக்கு, பிராமணருக்கு, ஊர் ஊழியக்காரருக்கு என்று மானியங்கள். 1878இல் திவானாக வந்த சேஷையா சாஸ்திரி அமானியை நீக்கிப் பணத் தீர்வை வைத்தார். 1888இல் இனாம்களுக்குத் தீர்ப்பு நடந்தது. ஊழியத்துக்காக இருந்த நிலம் ஊழியம் நீங்கி, வரி கட்டும் சொந்த நிலமானது. இணைப்புக்குப் பிறகு சமஸ்தான இனாம்களுக்கென்றே 1955இல் சென்னை மாநிலம் ஒரு சட்டம் செய்தது. 1974 ஜனவரி 14ஆம் தேதி புதுக்கோட்டை தனி மாவட்டமானது. 1980-களில் யு.டி.ஆர். என்னும் நில உடைமைப் பதிவு மேம்பாடு வந்தது. அதில் ஏறிய பெயர்ப் பிழைகளைத் திருத்த இன்றும் வட்டாட்சியர் அலுவலகத்தில் மனுக்கள் நிற்கின்றன. இப்போது பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் கைபேசியில் பார்க்கலாம். குழியும் மாவும் போய் ஹெக்டேர், ஏர்ஸ் வந்துவிட்டது. இத்தனை மாற்றத்திலும் நூல் அறவில்லை. தொண்டைமான் காலத்துக் கிரயம் இன்றைய சர்வே எண்ணோடு போய்ச் சேருகிறது.

அந்த நூலிலும் பெயர் இல்லாதவர்கள் உண்டு. இனாம் தீர்ப்பில் நிலம் பெற்றவர் இனாம்தார். அந்த நிலத்தில் ஏர் பிடித்தவர், நாற்றுப் பறித்தவர், சேரியிலிருந்து வந்து வரப்பு வெட்டியவர் பெயர் எந்தச் செக்குபந்தியிலும் ஏறவில்லை. பர்மிய உழவருக்காவது பன்னிரண்டு ஆண்டில் உரிமை என்று ஒரு சட்டம் இருந்தது.

இன்று இந்த ஊர்களுக்குப் போனால் பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. ஒரு வீட்டுக்கு ஐம்பது, அறுபது பங்காளிகள். சென்னை, சிங்கப்பூர், அமெரிக்கா என்று சிதறியிருக்கிறார்கள். கல்யாணத்துக்கும் சாந்திக்கும் திறப்பார்கள். கடியாபட்டியில் ஒரு மாளிகை தங்கும் விடுதியாகி நன்றாகப் பராமரிக்கப்படுகிறது. பராமரிக்க ஆள் இல்லாத வீடுகளைப் பிரித்து, தூணும் நிலையும் கதவுமாக விற்கிறார்கள். செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான முன்பட்டியலில் ஏறின. பட்டியலில் இருப்பது வீடும் தெருவும் ஊருணியும். பெட்டிக்குள் இருக்கும் தாளுக்கு அந்தக் காவல் இல்லை.

காரைக்குடி முனீசுவரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் எனாமல் தூக்குவாளியோடும் ரவிவர்மா படங்களோடும் பழைய முத்திரைத்தாள்களும் விலைக்கு வரும். விக்டோரியா தலையோ ஜார்ஜ் தலையோ போட்ட தாள் என்றால் சட்டம் போட்டு மாட்டுவதற்கு வாங்குகிறார்கள். கட்டு பிரிந்து ஒவ்வொரு தாளாகப் போகிறது. ஒரு கடையின் முப்பது ஆண்டுக் கொடுக்கல் வாங்கல் முப்பது வீட்டுச் சுவருக்குப் போய்விட்டால், அதை யாரும் மறுபடி சேர்க்க முடியாது. இது எனக்கு வருத்தம் மட்டுமில்லை, கோபமும் தருகிறது.

அந்தத் தாள்களில் எழுதிய வயல்கள் அப்படியேதான் இருக்கின்றன. 2008 மே மாதம் நர்கிஸ் புயலில் கடல் ஏறி இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டது அந்த முகத்துவாரத்தில்தான். அதே ஆண்டில் வந்த மியான்மர் அரசியல் சட்டம், நாட்டின் நிலம் முழுவதற்கும் இறுதி உரிமையாளர் அரசே என்கிறது. 2012இன் விவசாய நிலச் சட்டத்தின் கீழ் உழவருக்கு ‘படிவம் 7’ என்று ஒரு பயன்பாட்டுச் சான்று கொடுக்கிறார்கள். தகப்பன் பாட்டன் காலத்து அடமானத் தாள் எதுவும் அவரிடம் இருக்க வழியில்லை. அடமானம் வைத்தவர் பத்திரத்தைக் கொடுத்துவிட்டுத்தானே பணம் வாங்குவார்? அது கடைப் பெட்டியில் ஏறி, கப்பலில் ஏறி, நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ இறங்கி, நச்சாந்துபட்டிக்கு வந்து சேர்ந்தது. ஒரு பர்மிய உழவரின் பெயர், அவர் ஊர், அவர் திருத்திய நிலத்தின் குவின் எண், எந்த ஆண்டு எவ்வளவு கடனுக்கு அதை இழந்தார் என்ற விவரம், சில சமயம் அவரது கைநாட்டு, இத்தனையும் இன்று புதுக்கோட்டை மாவட்டத்து வீடு ஒன்றில் இருக்கிறது. நில உரிமை கேட்கும் தாளாக அது செத்துவிட்டது. அந்த உழவர் வாழ்ந்தார் என்பதற்குச் சாட்சியாக அதற்கு இன்னும் உயிர் இருக்கிறது. அவர் பேரப்பிள்ளைகள் தேடினால் கிடைக்கக்கூடிய சாட்சி.

பங்கு பிரிக்க உட்காருபவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. சமஸ்தானப் பத்திரத்தை எப்படியும் பிரதி எடுப்பீர்கள், வக்கீல் கேட்பார். அதே மேசையில் பர்மாக் கட்டையும் பிரிக்காமல் வைத்து, பக்கம் பக்கமாகக் கைபேசியில் படம் எடுங்கள். பர்மிய எழுத்து உள்ள பக்கத்தை, புரியவில்லை என்று விட்டுவிடாதீர்கள், கடன் வாங்கியவர் பெயர் அதில்தான் இருக்கும். கணக்குப் பேரேடும் ஐந்தொகையும் கிடைத்தால் அதே வரிசையில் சேர்த்து வையுங்கள். திருக்கோகர்ணத்தில் 1910இல் தொடங்கிய அருங்காட்சியகம் இருக்கிறது. பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகள் இருக்கின்றன. கட்டைக் கட்டாகவே வாங்கிக்கொள்ளும்படி அவர்களைக் கேட்கலாம். பழம்பொருள் கடைக்காரர் ஒரு தாளுக்குத் தருவது சில நூறு ரூபாய். அந்தப் பணம் ஐம்பது பங்காளிகளுக்குப் பிரித்தால் ஆளுக்கு ஒரு காப்பிக்கும் ஆகாது.